மில்லா சொன்னால்தான் வாய் திறப்பான்

எங்கள் வீட்டில் ‘நாளைக்கு’ என்ற சொல் ஒருநாளும் தனியாக வந்ததில்லை. அதன் கையைப் பிடித்துக்கொண்டு ‘இன்ஷா அல்லா’வும் வந்துவிடும். நாளைக்குப் புட்டு அவிப்பதென்றாலும் இன்ஷா அல்லா, நாளைக்கு அத்தா மேலூர்ச் சந்தைக்குப் போவதென்றாலும் இன்ஷா அல்லா. தும்மினால் ‘அல்ஹம்துலில்லா’. முழு நிலாவைப் பார்த்தால், கொழுகொழுவென்ற கன்றுக்குட்டியைப் பார்த்தால் ‘மாஷா அல்லா’. எதை வாயில் வைத்தாலும், அது ஒற்றைப் பொரிகடலையாக இருந்தாலும், முதலில் ‘பிஸ்மில்லா’. இவற்றையெல்லாம் யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லித்தந்ததாக ஞாபகம் இல்லை. தண்ணீர், சோறு, செருப்பு, பூனை என்று மற்றச் சொற்கள் வந்த வழியிலேயே அவையும் வந்திருக்க வேண்டும். அதனால் அவை வேறொரு பாஷையின் சொற்கள் என்பதோ, எல்லார் வீட்டிலும் அவை புழங்குவதில்லை என்பதோ எனக்குத் தெரியாமல் இருந்தது.

தெரிந்தது ஒன்றாம் வகுப்பில். ‘பி’யில் தொடங்குகிற சொற்களைச் சொல்லும்படி டீச்சர் கேட்டார். ஒருத்தி பிள்ளை என்றாள். ஒருவன் பிரம்பு என்றான். நான் எழுந்து நின்று பிஸ்மில்லா என்றேன். டீச்சர் சிரித்துக்கொண்டே, “சரிதான், உக்காரு” என்றுவிட்டார். ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையன், “அப்படின்னா என்ன டீச்சர்?” என்று கேட்டான். எனக்குத் திக்கென்றது. பாவம், இவன் வீட்டில் இவனுக்குச் சோறே போடுவதில்லையோ என்று அன்று முழுக்க அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுக் குட்டிப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

அப்போது எழுபதுகள் முடியப்போகிற நேரம். மதுரையில் முனிச்சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் இருந்தது ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, தெருவில் தமிழ். அந்த வீட்டுக்காரர் தல்லாகுளம் பக்கம் கோர்ட்டு சம்பந்தப்பட்ட ஓர் ஆபீஸில் டைப் அடிக்கிற வேலை பார்த்தார். தினமும் காலையில் நெற்றியில் மெல்லிய சிவப்பு நாமம் இட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிளில் கிளம்புவார். ஆசாரமான குடும்பம். எங்கள் வீட்டில் மீன் பொரிக்கிற நாட்களில் அவர்கள் வீட்டு ஜன்னல் சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும். அதில் கோபமெல்லாம் கிடையாது. மழை பெய்தால் சாத்துவதில்லையா, அப்படித்தான்.

அந்த வீட்டு அம்மாவுக்கு விடாத இருமல். டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாளில் அந்த எழுத்துகளைச் சொல்லும்போதே பெரியவர்கள் குரல் தாழ்ந்துவிடும். திருமங்கலம் போகிற ரோட்டில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பையனுக்கு அப்போது ஒன்றேகால் வயது. பரமக்குடியில் இருந்த தன் அக்காவுக்கு அவன் அப்பா கடிதம் எழுதினார். தன் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அக்கா பதில் எழுதினார். மற்ற சொந்தக்காரர்களுக்கும் தங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பது அந்த வாரத்தில்தான் ஞாபகம் வந்தது.

மூன்று நாள் பையனைச் சைக்கிள் கம்பியில் துண்டு விரித்து உட்காரவைத்து ஆபீஸுக்கே கொண்டுபோனார். நான்காம் நாள் காலையில் சைக்கிள் எங்கள் வாசலைத் தாண்டும்போது அம்மா குறுக்கே போய் நின்றாள். கையை நீட்டினாள்.

“கோர்ட்டுல போயி இவன் என்ன கேஸா நடத்தப் போறான்? குடுங்கண்ணே இங்கிட்டு.”

அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். “இல்ல தங்கச்சி, விஷயம் தெரியும்ல. உங்க வீட்டுலயும் சின்னப் பிள்ளை இருக்கு.”

“இருக்கு. அதோட இதுவும் இருக்கட்டும்.”

அவர் பையனைத் தூக்கிக் கொடுத்தார். கொடுத்த பிறகும் போகாமல் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றார். “கவிச்சி மட்டும்…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“அதச் சொல்லணுமாண்ணே?” என்றாள் அம்மா.

என் அத்தா அலுமினியப் பாத்திர வியாபாரி. சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பார். அன்று சாயங்காலம் மூட்டையைப் பிரித்து, யார் கையும் படாத புதுத் தட்டு, புது டம்ளர், புதுச் சட்டி மூன்றையும் எடுத்துக் கொடுத்தார். பின்வாசல் தாழ்வாரத்தில் பையனுக்கென்று தனி ஸ்டவ் வந்தது. மீன் தொட்ட நாளில் அம்மா கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, மோந்து பார்த்து, என்னையும் மோந்து பார்க்கச் சொல்லி, அதன்பிறகுதான் அவன் சட்டியைத் தொடுவாள். பகலில் மட்டும் பார்த்துக்கொள்வதாகத்தான் பேச்சு. ஆனால் பையனை அந்த வீட்டில் படுக்கவைக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால் ராத்திரியும் எங்கள் வீடே என்றாகிவிட்டது. அவன் அப்பா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார். மணி அடிப்பார். பையனைக் கம்பியில் வைத்துத் தெருவை நாலு சுற்று சுற்றிவிட்டுக் கொண்டுவந்து விடுவார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்.

பையன் எங்களிடம் வந்தபோது அவனுக்கு நாலு பல்லும் ஒரு வார்த்தையும் இருந்தன. அந்த வார்த்தை ‘பனி’. முதல் நாள் மத்தியானம் அழுதுகொண்டே பனி, பனி என்றான்.

“அம்மா, இவன் பனி கேக்குறான். மார்கழியில வான்னு சொல்லு” என்றேன் நான்.

அம்மா கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்தாள். “தண்ணி கேக்குறான்டி. உருதுல பானிம்பாங்கல்ல, அதுமாதிரி அவங்க பாஷையில இருக்கும்.”

புது டம்ளரை அவன் உதட்டில் வைத்தாள். வைக்கும்போது வழக்கம்போல பிஸ்மில்லா என்றாள். அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஒரு பிள்ளையின் வாய்க்கு எதையும் கொண்டுபோக அவள் கைக்குத் தெரியாது, அவ்வளவுதான். அவன் குடித்தான். டம்ளருக்கு மேலே இரண்டு கண்ணும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் தட்டுத்தடுமாறி வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். அண்ணாந்து பார்த்து, தெளிவாக, “மில்லா பனி” என்றான்.

நான் சிலேட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். ஆனால் நேற்றுவரை பேசாத ஒருவன் இன்றைக்குப் பேசுவதை அன்றுதான் முதலில் கண்டேன். அந்த வார்த்தைகள் இதுவரை எங்கே இருந்தன, எந்த வழியாக அவன் வாய்க்கு வந்தன என்று எனக்கு ஒரே மலைப்பு. அதில் ஒன்று அரபி, ஒன்று சௌராஷ்டிரம், கேட்ட எங்களுக்கோ தமிழ் என்பதெல்லாம் பிற்பாடு யோசித்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. அவனுக்குத் தாகம்.

அதன்பிறகு வார்த்தைகள் மளமளவென்று வந்தன. காக்கா வந்தது, மம்மு வந்தது, மணி வந்தது. அத்தா வீட்டுக்குள் நுழையும்போது சலாம் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு ‘சாமு’ வந்தது. பூனைக்குக்கூட சாமு சொன்னான். தும்மினால் ‘அம்துல்லா’ சொல்வான். சொன்னால் நாங்கள் சிரிப்பதைக் கண்டுகொண்டு, தும்மல் வராதபோதும் மூக்கைச் சுருக்கி ஒரு பொய்த் தும்மல் போட்டுவிட்டுச் சொல்வான்.

எங்களைப் போலவே தொழுகிற எதிர் வீட்டுப் பெண் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, “உனக்கு நன்மைக்கு மேல நன்மைதான்டி. இம்புட்டுச் சொல்றவனுக்கு மீதி ஓதுறதையும் சொல்லிக் குடுத்துர வேண்டியதுதான?” என்றார்.

அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுபோனது. “அது அவங்க பிள்ளை, அக்கா” என்றாள். “அவங்களக் கேக்காம நான் எதச் சொல்லிக் குடுக்க?”

சொன்னபடியே இருந்தாள். அந்த வயதில் என்னை மடியில் வைத்து ஓதிக் காட்டிய எதையும் அவனுக்கு ஓதிக் காட்டவில்லை. ஆனால் சோறும் தண்ணீரும் ஒருநாளைக்கு எத்தனை தடவை! ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு சொல் அவளை மீறிக்கொண்டு வந்துதான் தீர்ந்தது.

பத்து மாதம் ஓடிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். “சளியில கிருமி இல்லன்னுட்டாங்க தங்கச்சி. அடுத்த மாசம் அனுப்பிருவாங்களாம்.”

அம்மா வானத்தைப் பார்த்து அல்ஹம்துலில்லா என்றாள். சரியாகத் தும்மலுக்குக் காத்திருந்தவன்போலப் பையனும் அம்துல்லா என்றான்.

மறுநாள் காலையில்தான் அந்த விபரீதம் நடந்தது. அம்மா அவனுக்கு இட்லி ஊட்டினாள். ஒரு வாய் கொடுத்தாள். இரண்டாவது வாய் கொடுத்தாள். பிஸ்மில்லா வரவில்லை. முதலில் என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

“அம்மா, நீ சொல்லல.”

“சொன்னேன்.”

“எனக்குக் கேக்கலையே.”

“மனசுக்குள்ள சொன்னேன். நீ ஒன் தட்டப் பாத்துச் சாப்பிடு.”

பையன் அவளைப் பார்த்து, “மில்லா?” என்றான். அம்மா கேட்காததுபோல, “அங்க பாரு, காக்கா” என்று ஜன்னலைக் காட்டினாள். மத்தியானமும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே. என்னால் தாங்க முடியாமல் துவைக்கிற இடத்தில் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

“அவன் நம்மகிட்ட இருக்குற அமானிதம்டி” என்றாள் அம்மா. “ஒருத்தர் பத்திரமா வச்சிருக்கச் சொல்லிக் குடுத்த பொருள். வாங்குன மாதிரியே திருப்பிக் குடுக்கணும். அவன் அம்மா வீட்டுக்குப் போயி நம்ம வார்த்தையச் சொன்னா அவங்களுக்குச் சங்கடம். இப்பருந்தே மறக்கட்டும்.”

வாங்கும்போது நாலு பல், இப்போது வாய் நிறையப் பல். அதையும் பிடுங்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். அடி விழும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் எனக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது. பிஸ்மில்லா சொல்லாமல் சாப்பிடுகிறவனோடு ஷைத்தானும் அதே தட்டில் உட்கார்ந்து சாப்பிடுவான் என்று எனக்குச் சொல்லியிருந்ததே அம்மாதான். அந்த அலுமினியத் தட்டோ சின்னது. அதில் ஷைத்தானும் கை வைத்தால் குட்டிப் பையனுக்கு என்ன மிஞ்சும்? இரண்டு நாளிலேயே அவன் மெலிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, இனி இவனைக் காப்பாற்ற நான்தான் என்று முடிவு செய்தேன்.

அப்போது முழுப்பரீட்சை லீவு. பின்வாசலில் என் பள்ளிக்கூடம் ஆரம்பமானது. பாடத்துக்கு ஒரு கை பொரிகடலை. ஒரு கடலையை அவன் வாய்க்கு நேரே பிடிப்பேன். அவசரப்பட்டு வாயைத் திறந்தால் கையை இழுத்துக்கொள்வேன். நான் பிஸ்மில்லா சொல்ல வேண்டும், அவன் மில்லா சொல்ல வேண்டும், அப்புறம்தான் வாய் திறக்க வேண்டும். நான் சொல்லாவிட்டால் கடலை மூக்கில் இடித்தாலும் திறக்கக் கூடாது. ஒரே வாரத்தில் அவன் தேறிவிட்டான். அச்சு வெல்லத்தை உதட்டில் ஒட்டவைத்துச் சோதித்துப் பார்த்தேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணில் ஆசை நீராகத் தளும்ப, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பிஸ்மில்லா என்றதும் மலர்ந்தான். மதுரையிலேயே என்னைப் போல ஒரு டீச்சர் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா ஊட்டும்போது அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைப்பேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, தானும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துவிட்டு வாயைத் திறப்பான். மில்லா என்று கேட்பதை அவன் நிறுத்திவிட்டதால், மறந்துவிட்டான் என்று அம்மா நம்பினாள்.

அடுத்த மாதம் அவன் அம்மா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். புடவைக்குள் ஆளே இல்லாததுபோல அவ்வளவு மெலிவு. ஆசையாக அவனைப் பார்த்தார். அவன் என் அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டான். அவர் கூப்பிடவில்லை, இழுக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, தன் பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்துத் தரையில் மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் கழித்துப் பையன் தானே போய்ப் பந்தை எடுத்தான். அம்மா அவனுடைய தட்டு, டம்ளர், சட்டி எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கூடையில் வைத்துக் கொடுத்தாள். பரமக்குடி அத்தையும் வந்திருந்தார். நோய் போய்விட்டதல்லவா.

அன்று சாயங்காலமே சுவருக்கு அந்தப் பக்கம் பையனின் அழுகை கேட்டது. மறுநாளும் கேட்டது. இடையிடையே பெரியவர்கள் அவர்கள் பாஷையில் பேசினார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மறுநாள் மத்தியானம் பையனின் அழுகை நின்று, அவன் அம்மாவின் அழுகை கேட்டது. அது மட்டும் விளங்கியது.

கொஞ்ச நேரத்தில் அவன் அப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். ஆபீஸுக்குப் போகவில்லை. நாமம் கலைந்திருந்தது.

“தங்கச்சி, பிள்ளை அவ கையால ஒரு வாய் வாங்க மாட்டேங்குறான். நேத்துலருந்து பால் ரெண்டு மடக்கு, அதுவும் தூக்கத்துல குடிச்சதுதான். பசிக்கு அழுகுறான். தட்டக் கொண்டுபோனா வாய இறுக்கி மூடிக்கிட்டு நம்ம மூஞ்சியவே பாக்குறான். நோய் புடிச்ச கைன்னு பிள்ளைக்கே தெரிஞ்சுபோச்சுன்னு அவ அழுகுறா. அவளும் சாப்பிடல.”

“பழகாத கைண்ணே. ரெண்டு நாள்ல…” என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து வந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

“அம்மா, அவன் மில்லாவுக்குக் காத்துக்கிட்டு இருக்கான்.”

அம்மா திரும்பினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். துவைக்கிற கல், பொரிகடலை, அச்சு வெல்லம், ஷைத்தான், உதட்டை அசைத்தது எல்லாம். சொல்லி முடித்ததும் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை. அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, தப்பு எங்க வீட்டுலதான்” என்றாள். “ஒங்க பிள்ளைக்கு நான் சோறு குடுக்கும்போதெல்லாம் எங்க வார்த்தையச் சொல்லித்தான் குடுத்தேன். எனக்கு வேற மாதிரி குடுக்கத் தெரியல. அவன் புடிச்சுக்கிட்டான். மறக்கடிக்கப் பாத்தேன், இவ விடல. இவ சின்னப் பிள்ளை. ஆரம்பிச்சது நான்தான்.”

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “வா” என்றார் என்னிடம்.

அந்த வீட்டுக்குள் நான் அதற்கு முன் போனதே இல்லை. கற்பூர வாசனை. சுவரில் துளசி மாலை போட்ட பெருமாள் படம். அம்மா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். கூடத்தில் பாய் மேல் பையன் உட்கார்ந்திருந்தான். முன்னால் அந்த அலுமினியத் தட்டில் தயிர்ச்சோறு. அவன் அம்மா சுவரில் சாய்ந்திருந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அடுப்படி வாசலில் அத்தை. என்னைக் கண்டதும் பையன் எழுந்திருக்கப் பார்த்தான், பசி மயக்கத்தில் முடியாமல் உட்கார்ந்துவிட்டான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது.

பையனின் அப்பா தங்கள் பாஷையில் விஷயத்தைச் சொன்னார். அத்தையின் குரல் உயர்ந்தது. கை என்னையும், வாசலில் நின்ற என் அம்மாவையும், சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிக் காட்டியது. அவர் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். என்ன வார்த்தையென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தை அடுப்படிக்குள் போய்விட்டார்.

அவர் பையனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு கவளம் சோற்றை உருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“என்ன சொல்லணும்? சொல்லும்மா” என்றார் என்னிடம்.

ஒருநாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற வார்த்தை. இங்கே சொல்லலாமா என்று தெரியவில்லை. வாசலைப் பார்த்தேன். அம்மா தலையசைத்தாள். மெதுவாகச் சொன்னேன்.

“பிஸ்… மில்…லா” என்றார் அவர். டைப் அடிக்கிறவர் அல்லவா, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியதுபோல இருந்தது. பையன் அவர் உதட்டையே பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். போதவில்லை போலும். அவர் மறுபடி, இந்தத் தடவை சேர்த்து, நெற்றியில் கலைந்த நாமத்தோடு, கையில் தயிர்ச்சோற்றோடு, கூடம் முழுக்கக் கேட்கும்படி, “பிஸ்மில்லா” என்றார்.

“மில்லா!” என்றான் பையன். வாய் திறந்தது.

மூன்று வாய் ஊட்டினார். பிறகு தட்டை நகர்த்தித் தன் மனைவியின் முன்னால் வைத்தார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சோற்றை எடுத்தார். நோயில் பாதிக் குரல் போயிருந்தது. இருந்த குரலில், காற்றுப்போல, சொன்னார். பையன் அவர் உதட்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் மில்லா என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தான். அந்தக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

அத்தாவோடு பெருநாள் தொழுகைக்குப் போயிருக்கிறேன். அத்தனை ஆயிரம் பேர் சேர்ந்து குனிவதை, எழுவதைப் பார்த்திருக்கிறேன், மைதானமே ஒரே குரலாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு சொல் அன்றைக்கு அந்தக் கூடத்தில் கேட்டதுபோல அவ்வளவு பெரிதாக எங்கேயும் கேட்டதில்லை.

பையனின் அப்பா கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அம்மா இன்னும் தலைகுனிந்தபடி நின்றிருந்தாள். “அண்ணே, சாப்பிடும்போது ஒங்க வீட்டுல சொல்ற வார்த்தை ஒண்ணு இருக்கும்ல. அதையும் கூடச் சேத்துச் சொல்லுங்க. கொஞ்ச நாள்ல அதப் புடிச்சுக்கிட்டு இத விட்ருவான்” என்றாள்.

“சொல்றோம் தங்கச்சி” என்றார் அவர். “சைக்கிள்ல வரும்போது தும்முனா என்னமோ சொல்லுவான். ஒங்க வார்த்தைதான்னு எனக்குத் தெரியும். இத்தன மாசமா கேட்டுக்கிட்டேதான் ஓட்டுவேன். அவ அங்க கெடக்குறப்போ, இங்க பிள்ளை வாய் தெறந்து பேசுறானே, அதுபோதும்னு இருக்கும்.”

அம்மா சொன்னதுபோலவே ஆனது. சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் இரண்டு வார்த்தைகளும் ஒன்றாகக் கேட்டன, பிஸ்மில்லா கோவிந்தா என்று. பையனின் அம்மாவுக்கும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பிறகு கோவிந்தா முன்னால் வந்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு சாயங்காலம் பையன் தானாக எங்கள் வீட்டுக்குள் நடந்து வந்தான். கன்னமெல்லாம் சதை போட்டிருந்தது. அம்மா அவனைத் தூக்கி முத்தமிட்டாள். தனி எண்ணெயில் சுட்டு எடுத்துவைத்திருந்த முறுக்கு ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். அவன் அவள் உதட்டைப் பார்க்கவில்லை. முறுக்கைப் பார்த்து, “கோயிந்தா” என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கடித்தான்.

“நல்ல பிள்ளை” என்றாள் அம்மா. பாதி முறுக்கு தின்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவன் அம்மா கூப்பிட்டார். மீதியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

அம்மா அடுப்படிக்குள் போனாள். நெடுநேரம் வெளியே வரவில்லை. நான் போய் எட்டிப் பார்த்தேன். அணைந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

“ஏம்மா அழுகுறே? மறந்துட்டான்னா?”

“இல்லடி” என்றாள். “நல்லாச் சொல்றான்ல. அதுக்குத்தான்.”

மறக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தது அவள்தான். அவனும் மறந்துவிட்டான். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? பெரியவர்களுக்கு எதற்குச் சிரிப்பது, எதற்கு அழுவது என்றே தெரியவில்லை என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. கூடத்துக்கு வந்தேன். அவன் போட்டுவிட்டுப் போன பாதி முறுக்கை எடுத்து, பிஸ்மில்லா சொல்லிவிட்டுத் தின்றேன்.